நாற்காலியை விட்டு இறங்கியவள்

தொகுதி எம்.பி. பேச்சிச்செல்வியைப் பற்றி டயானாவுக்கு ஒரு குறை உண்டு. அவள் ஆற்றுத்தண்ணீர்க்காரி. ஏரல் பக்கம் வயலும் வாய்க்காலுமாக வளர்ந்தவளுக்குக் கடல் வீட்டைத் தின்பது எங்கே புரியப் போகிறது என்று டயானா சொல்லிக்கொண்டே இருப்பாள். ஆனால் அந்த ஆற்றுத்தண்ணீர்க்காரிதான், ஐந்து வருஷத்துக்கு முன் ஓட்டுக் கேட்டு சந்தியாகுடிக்கு வந்தபோது, டயானாவின் அடுப்பங்கரைக்குள் புகுந்திருந்த அலைத்தண்ணீரில் நின்றுகொண்டு, "அக்கா, இந்த ஊருக்குத் தூண்டில் வளைவு கேட்டு வாங்குறது என் பொறுப்பு" என்று வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டாள். கடலுக்குள் கல்லைக் கொட்டிச் சுவர் நீட்டினால் கரை நிற்கும், வீடு தப்பும். டயானாவுக்கு வேண்டியது அவ்வளவுதான்.

அன்றைக்குப் பிடித்த பிடியை டயானா விடவில்லை. வாரம் தவறாமல் டெல்லிக்குப் போன் போட்டு அவளை ஏசுவாள். ஞாயிறு பூசைக்குக்கூட எப்போதாவது தவறியிருப்பாள், இந்தப் போனுக்குத் தவறியதில்லை. பேச்சிச்செல்வியும் சும்மா இருக்கவில்லை. பாவம், அவள் மக்களவையில் பேச எழுந்தபோதெல்லாம் எதிர்வரிசையில் வெள்ளைத் தாடி வைத்த ஒரு வடநாட்டு உறுப்பினர் எழுந்து கத்துவார். அவருக்குக் குரல் என்றால் அப்படி ஒரு குரல். மைக்கே வேண்டாம். டிவியில் அவர் முகத்தைக் கண்டாலே சந்தியாகுடிப் பெண்கள் கையைச் சொடுக்கிச் சபிப்பார்கள்.

இப்போது பதவிக்காலம் முடியப் போகிறது. நடப்பது கடைசிக் கூட்டத்தொடர். தேர்தலை அறிவித்துவிட்டால் எந்த வேலைக்கும் ஆர்டர் போட மாட்டார்கள். அடுத்த வாடைக்காற்றுக்கு டயானாவின் வீடு நிற்காது. இதையெல்லாம் யோசித்து அவள் சரியாகத் தூங்கியே நாளாகிவிட்டது. அந்த நேரத்தில்தான் எம்.பி.யிடமிருந்து போன் வந்தது. "அக்கா, இன்னைக்குப் பன்னிரண்டு மணிக்கு மேல பூஜ்ய நேரத்துல பேச என் பேரு இருக்கு. டிவிய பாருங்க."

மீன் ஏலம் முடிந்த கையோடு ஊரே ஏலக்கூடத்தில் கூடிவிட்டது. ஸ்டெபின் தன் டீக்கடை டிவியைத் தூக்கிவந்து ஐஸ்பெட்டி மேல் வைத்தான். கட்சியின் கிளைச் செயலாளர் ஃபிராங்க்ளின், டயானாவின் கொழுந்தன், வேட்டியை மடித்துக் கட்டி முன்னால் நின்றான். படம் வந்ததும் ஊர் வாயைப் பிளந்தது. பேச்சிச்செல்வி தன் இடத்தில் இல்லை. எல்லோருக்கும் மேலே, சபாநாயகரின் பெரிய நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள்.

"ஏலே, நம்ம எம்.பி.ய சபாநாயகரு ஆக்கிட்டானுவல" என்று ஃபிராங்க்ளின் கத்தினான். அப்புறம் யார் பேச்சை யார் கேட்பது? கோயில் திருவிழாவில் மிச்சமான வெடியைக் கொண்டுவந்து கொளுத்தினார்கள். யாரோ ஓடிப்போய் மாதா கோயில் மணியை அடித்தார்கள். உள்ளே வருகிற உறுப்பினர்கள் எல்லாம் நம்ம செல்வியைப் பார்த்துத் தலை குனிந்து கும்பிட்டுப் போவதைக் கண்டு கிழவர்களுக்கே கண் கலங்கிவிட்டது.

டயானாவுக்கு மட்டும் அது நம்பும்படியாக இல்லை. தூத்துக்குடியில் எம்.பி. ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் சுதர்சனத்துக்குப் போன் போட்டாள். அவர் ஆழ்வார்திருநகரிக்காரர், எதையும் பதறாமல் சொல்வார்.

"பதவியெல்லாம் இல்லம்மா. சபாநாயகர் எழுந்து போனா, மாற்றுத் தலைவர் பட்டியல்ல இருக்கறவா, எந்தக் கட்சியா இருந்தாலும், கொஞ்ச நேரம் உக்காருவா. இன்னிக்கு நம்ம மேடத்தோட முறை."

"சரி, அங்கன இருந்தே நம்ம ஊரப் பத்திப் பேசிருவாளா?"

"அது கூடாதும்மா. நாற்காலில உக்காந்தவா தன் தொகுதிக்குன்னு ஒண்ணும் பேசப்படாது."

 பெருமைக்கு ஆசைப்பட்டு ஊரைக் கைவிட்டுவிட்டாள் என்றுதான் டயானாவுக்குத் தோன்றியது. "பாருங்க, நல்லாப் பாருங்க" என்று கூட்டத்தைப் பார்த்துச் சத்தம் போட்டாள். "எங்க வீடு கடல்ல போவுது, அவ நாற்காலியில நவராத்திரிக் கொலு இருக்கா."

டிவியில் பேச்சிச்செல்வி ஒவ்வொரு பெயராகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒருத்தர் பேசி உட்கார்ந்தார், இன்னொருத்தர் எழுந்தார். திடீரென்று அவள் பெயர் கூப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கீழே யாரையோ பார்த்துக் கையசைத்தாள். தாடிக்காரர்தான் எழுந்து வந்தார். பேச்சிச்செல்வி நாற்காலியை விட்டு எழுந்தாள், அவர் அதில் ஏறி உட்கார்ந்தார்.

 ஏலக்கூடம் இடிந்து விழாத குறைதான். "பாவிமட்டை, ஒக்கார விட்டானா பாருல" என்று ஒருவர் தலையில் அடித்துக்கொண்டார். "நம்ம பிள்ளைகிட்டருந்து நாற்காலியப் புடுங்கிட்டானுவ, வாங்கல ரோட்டுக்கு" என்று ஃபிராங்க்ளின் கிளம்ப, ஊர் மொத்தமும் அவன் பின்னால் ஓடியது.

டயானா ஓடவில்லை. சுதர்சனத்தின் போனையும் வைக்கவில்லை. காதை டிவியோடு ஒட்டவைத்துக்கொண்டாள்.

பேச்சிச்செல்வி தன் பழைய இடத்துக்கு வந்து நின்றாள். தமிழிலேயே பேசினாள். சந்தியாகுடி என்று ஊர்ப்பெயரைச் சொன்னாள், கடல் கொண்டுபோன தெருவைச் சொன்னாள், சமைக்கிற இடத்தில் அலை வந்து அடுப்பை அணைக்கிறது என்று சொன்னாள். வழக்கம்போலப் பின்வரிசையில் நாலைந்து பேர் எழுந்து கூச்சல் போட்டார்கள். அப்போதுதான் தாடிக்காரர் அந்தக் குரலை எடுத்தார். இத்தனை வருஷம் அவளை அமுக்கிய அதே குரல். நாற்காலியில் உட்கார்ந்துவிட்டதால் இனி சபையை அடக்குவது அவர் வேலை, அடக்கினார். கத்தியவர்கள் எல்லாம் பொத்தென்று உட்கார்ந்தார்கள். நேரம் முடிந்து மணி அடித்த பிறகும், மேலே பேசு என்று அவளைப் பார்த்துக் கை காட்டினார். கடைசியில் துறை மந்திரியைத் தேடிப் பார்த்து ஏதோ கேட்டார். மந்திரி எழுந்து இந்தியில் ஏதோ சொன்னார்.

"என்னய்யா சொல்லுதாரு?" என்று டயானா போனில் கெஞ்சினாள்.

எதற்கும் பதறாத சுதர்சனமே கத்திவிட்டார். "பணம் ஒதுக்கியாச்சுங்கறார்ம்மா. தேர்தல் அறிவிப்புக்கு முன்னாடி ஆர்டர் போட்டுடறேன்னு சபையில வாக்குக் கொடுத்துட்டார்."

ரோட்டில் திருச்செந்தூர் பஸ்ஸை மறித்துக்கொண்டு ஊர் உட்கார்ந்திருந்தது. "திருப்பிக் கொடு, திருப்பிக் கொடு, நாற்காலியைத் திருப்பிக் கொடு" என்று ஃபிராங்க்ளின் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தான். டயானா மூச்சு வாங்க வந்து அவன் கையைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிலே. யாரும் புடுங்கல. அவளாத்தான் இறங்குனா. நம்ம ஊர்க்கூட்டத்துல தலைவரு வீட்டு வழக்கு வந்தா என்ன செய்வாரு? நாற்காலிய விட்டு இறங்கி மணல்ல உக்காந்துதான பேசுவாரு? அங்கனயும் அதே முறைதான். நமக்காக இறங்குனா. தூண்டில் வளைவு வந்தாச்சுல."

ஃபிராங்க்ளின் வேட்டியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டு எழுந்தான். பஸ் டிரைவர்தான் முதலில் கைதட்டினார். வழி கிடைக்கும் என்கிற சந்தோஷமாகக்கூட இருக்கலாம்.

அந்த நேரம் பார்த்து டயானாவின் போன் அடித்தது. எம்.பி.தான்.

"அக்கா, பஸ்ஸ எதுக்கு மறிக்கீங்க? கலெக்டர் என்னையக் கேக்குதாரு."

"ஒனக்கு நாற்காலி வாங்கித் தரத்தான்" என்றாள் டயானா. அந்தப் பக்கம் பேச்சிச்செல்வி விழுந்து விழுந்து சிரித்தாள். டயானா விடவில்லை. "அந்த இடத்துல உக்காரப் போறேன்னு முந்தியே ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

"சொன்னா ஏசுவீங்கன்னு பயம்க்கா."

நாட்டின் சபையையே கட்டி மேய்த்தவள் தனக்குப் பயந்திருக்கிறாள். டயானாவுக்கு நடுரோட்டில், அத்தனை பேர் பார்க்க, அழுகை வந்துவிட்டது. "ஏசத்தான் செஞ்சேன் தாயி, ஊருக்கே கேக்க ஏசுனேன். இனிமே ஒன்னைய ஏச மாட்டேன்."

"ஏசுங்கக்கா" என்றாள் பேச்சிச்செல்வி. "அங்கன உக்காந்திருக்க நல்லாத்தான் இருந்துச்சு. வாராவாரம் நீங்க ஏசலன்னா நான் இறங்கியிருக்கவே மாட்டேன்."