சிரித்தவர்களுக்கு மஞ்சள்

"ஜோக்கடிக்கத் தெம்பு இருக்கிறவனுக்கு ஆம்புலன்ஸ் எதுக்குடி?" பழைய அழைப்புகளைத் தரம் பிரிக்க ஹெட்போனை மாட்டிய முதல் நாளே நான் கேட்டது இது. பக்கத்து நாற்காலிக்காரி விழுந்து விழுந்து சிரித்தாள்.

ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் பன்னிரண்டு வருடம் போன் எடுத்தவள் நான். பேசுகிறவரின் குரலை வைத்தே அவசரத்தைக் கணிக்கும் கம்ப்யூட்டரை அரசாங்கம் சோதித்துப் பார்க்கிறது என்று ஓர் ஆய்வுக் குழு வந்து இறங்கியது. அதற்குச் சொல்லிக்கொடுக்க ஆள் வேண்டுமாம். எங்களில் ஐந்து பேரை மாடி அறையில் உட்கார வைத்தார்கள். பழைய அழைப்புகளைக் கேட்க வேண்டும். உடனே வண்டி போக வேண்டும் என்றால் சிவப்பு, காத்திருக்கலாம் என்றால் மஞ்சள். நாளுக்கு முந்நூறு குரல். மதியத்துக்குள் காது அடைத்து, எரிச்சல் மண்டைக்கு ஏறிவிடும்.

அலறினால் சிவப்பு. அழுதால் சிவப்பு. யாராவது நக்கலடித்தால் கடைசிவரை கேட்கக்கூட மாட்டேன். மஞ்சள், அடுத்தது. "அஞ்சு பேர்ல நீங்கதான் வேகம்" என்று ஆராய்ச்சி அம்மா பாராட்டினார். குழுத் தலைவிக்கு நாங்கள் வைத்த பெயர் அது. பெருமையில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

என் அண்ணனுக்குப் பயம் வந்தால் நக்கல்தான் வரும். சின்ன வயதில் மதிலிலிருந்து விழுந்து கை முறிந்தபோது, "இங்க வந்து பாரேன், கை இப்ப ரெண்டு பக்கமும் மடங்குது" என்று என்னைக் கூப்பிட்டுக் காட்டினான். முகம் மட்டும் வெளுத்துப் போயிருந்தது. அவனோடு வளர்ந்த பாவி நான், மூன்று மாதம் அந்த மாடி அறையில் உட்கார்ந்தும் ஒரு தடவைகூட அவனை நினைக்கவில்லை.

அழைப்புகளைக் கம்ப்யூட்டரே எடுக்க ஆரம்பித்த நான்காவது வாரம், மாரடைப்பில் அண்ணன் போய்விட்டான். காலை பதினொரு மணி, வீட்டில் தனியாக இருந்தான். தானே ஆம்புலன்ஸைக் கூப்பிட்டிருக்கிறான். வண்டி வர ஐம்பது நிமிடம் ஆகியிருக்கிறது. அரை மணி நேரம் முன்னால் வந்திருந்தால் பிழைத்திருப்பார் என்று டாக்டர் சொன்னதை அண்ணி பிடித்துக்கொண்டார்.

"நீ அங்கதானே வேலை பாக்குற? அவரு காத்திருக்கலாம்னு யாரு முடிவு பண்ணாங்க?"

"கம்ப்யூட்டர் மஞ்சள் காட்டுச்சாம் அண்ணி. பாழாப்போன மெஷினு."

"அதுக்கு யாராவது சொல்லிக்குடுத்திருப்பாங்கல்ல? யாருன்னு விசாரிச்சுச் சொல்லு."

ஐந்து பேர் கேட்டோம், யார் என்று எப்படிச் சொல்வது? அப்படித்தான் என்னை நானே ஏமாற்றிக்கொண்டேன். அண்ணி தினமும் மதியம் போன் செய்து கேட்பார். இன்னும் தெரியவில்லை என்பேன்.

இரண்டாம் சுற்று ஆரம்பித்தது. இந்தத் தடவை கம்ப்யூட்டர் எடுத்த அழைப்புகள், பெயரும் முகவரியும் நீக்கியவை. மூன்றாம் நாள் காலையில் ஒரு குரல் வந்தது.

"தலைபோற அவசரம் ஒண்ணும் இல்லைங்க. நெஞ்சு மேல யாரோ ஏறி உக்காந்திருக்காங்க. எறங்கச் சொன்னா எறங்க மாட்டேங்குறாங்க. சவுகரியப்பட்டா ஒரு வண்டி அனுப்புங்க, ரெண்டு பேருமா வந்துடுறோம்."

பிறகு மூச்சிரைப்பு, ஒரு சின்னச் சிரிப்பு.

தெரிந்தவர் குரல் என்றால் ஒதுக்கிவிட வேண்டும் என்பது விதி. நான் ஒதுக்கவில்லை. சிவப்பை அழுத்தினேன், விரல் வலிக்க அழுத்தினேன். திரையில் எழுத்து வந்தது: 'இதைப் போன்ற அறுபத்து மூன்று குரல்களுக்கு நீங்கள் மஞ்சள் கொடுத்திருக்கிறீர்கள். சிவப்பு என்பது உறுதியா?'

ஆராய்ச்சி அம்மாவைக் கூப்பிட்டேன். "மேடம், இந்த மாதிரி குரல் வேற யாருக்கும் போகலையா?"

"போச்சு. ஆனா நீங்கதானே வேகம், அதிகமா உங்ககிட்டதான் வந்துச்சு. அது கத்துக்கிட்டது பெரும்பாலும் உங்ககிட்டதான்." குறை சொல்லும் குரல் இல்லை அது, பாராட்டுத்தான்.

"அந்த அறுபத்து மூணு பேருக்கும் அப்புறம் என்ன ஆச்சு? பொழைச்சாங்களா?"

"அத நம்ம ஆய்வுல எடுத்துக்கல. குரல் மட்டும்தான்."

என் அண்ணனை நானே காக்க வைத்திருக்கிறேன். அவன் கூப்பிடும் முன்பே, அறுபத்து மூன்று தடவை.

மதியம் போன் அடித்தது. அண்ணி.

"ஏதாவது தெரிஞ்சுதா?"

சொல்லிவிடத்தான் வாயைத் திறந்தேன். "தலைபோற அவசரம் ஒண்ணும் இல்ல அண்ணி. சவுகரியப்பட்டப்ப வீட்டுக்கு வர்றேன், பேசிக்கலாம்." கூடவே ஒரு சிரிப்பும் வந்து தொலைத்தது.



"பயந்தா அவரும் இப்படித்தான் பேசுவாரு" என்றார் அண்ணி. "நீ என்ன பண்ணின?"