சுடாத ஆறு ராக்கெட்டுகள்

இதையெல்லாம் சரியாகத்தான் நினைவு வைத்திருக்கிறேனா என்று எனக்கே நிச்சயமில்லை. கூட்டம் நடந்த அறையின் சன்னல்கள் மூடியிருந்தன என்கிறாள் துன்யா. நசுங்கிய ராஸ்ப்பெரியின் புளித்த வாடை உள்ளே வந்துகொண்டிருந்தது எனக்கு நினைவிருக்கிறது. மூடிய சன்னல் வழியாக வாடை வராது. இருவரில் ஒருவருக்கு மறதி. ஆனால் அங்கே பேசிய வார்த்தைகள் குறைவு. அவற்றில் எனக்குக் குழப்பம் இல்லை.

நானும் துன்யாவும் பெல்கிரேடில் வானிலையியல் படித்தோம். ஒரே விடுதி அறை. இரண்டாம் ஆண்டில் வளிமண்டல இயற்பியல் அறிமுகம் என்றொரு பாடம். பெயரில்தான் அறிமுகம், வாய்மொழித் தேர்வில் பாதிப் பேர் தோற்பார்கள். ஒரு காற்றுப் பொட்டலத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள் என்றுதான் கணக்குகள் தொடங்கும். சுற்றியிருக்கும் காற்றோடு கலக்காமல், வெப்பத்தைக் கொடுக்காமல், வாங்காமல் அது தனியே மேலேறும். அப்படி ஒரு காற்று எங்கும் கிடையாது. எனக்கு மட்டும் அந்தப் பொட்டலத்தைப் பிடித்திருந்தது. யாரோடும் பேசாமல் மேலே போய்க்கொண்டிருக்கும் ஒன்று.

துன்யாவின் ஊர் மேற்கே மலைப்பக்கம். ஊர் முழுக்க ராஸ்ப்பெரித் தோட்டம். அவள் அப்பா மிலோய்கோவுக்கும் தோட்டம் உண்டு; கூடவே ஆலங்கட்டி மேகங்களை ராக்கெட்டால் சுடுகிற வேலையும் அவருடையது. குன்றின் மேல் ஒரு தகரக் கொட்டகை, ஏவுகிற இரும்புச் சட்டம், ஒரு வயர்லெஸ். மேகம் திரண்டால் ராடார் நிலையத்திலிருந்து திசையும் கோணமும் சொல்வார்கள். அவர்கள் சொன்னால்தான் சுடலாம். ராக்கெட் மேகத்துக்குள் வெடித்து வெள்ளி அயோடைடைத் தூவும். மேகத்தில் பூஜ்யத்துக்குக் கீழே போயும் உறையாத நீர்த்துளிகள் ஒரு தூசிக்காகக் காத்திருக்கும். போதுமான தூசி கிடைத்தால் பெரிய கட்டிகளாகாமல் சின்னச் சின்னதாக உறைந்து, விழும்போதே உருகி மழையாகிவிடும் என்பது எண்ணம்.

ஒரு வருடம் சுற்றியிருந்த ஊர்களிலெல்லாம் ஆலங்கட்டி கொட்டியது. இவர்கள் ஊரில் மட்டும் மழையோடு போயிற்று. அன்று மிலோய்கோவைத் தோளில் தூக்கிக்கொண்டு சுற்றினார்களாம். முன்னால் நின்று தூக்கியவர் ரதிசாவ். மிலோய்கோவின் கல்யாணத்தில் துணைநின்ற கூம் அவர். எங்கள் பக்கத்தில் கூம் என்றால் கூடப் பிறந்தவனுக்கும் மேல்.

அந்தப் பாடத்தில் ஆலங்கட்டி வந்த நாளில் துன்யா கை தூக்கினாள். சுட்டால் பலன் உண்டா என்று கேட்டாள். பாடம் எடுத்த அம்மையார் சுண்ணக்கட்டியைக் கீழே வைத்தார். அச்சில் வார்த்தது போல ஒரே மாதிரி இரண்டு மேகம் வேண்டும், ஒன்றைச் சுட்டு இன்னொன்றை விட்டுப் பார்க்க வேண்டும், அப்படி இரண்டு யாருக்கும் கிடைத்ததில்லை என்றார். பலன் உண்டு என்பதற்கும் உறுதியான ஆதாரம் இல்லை, இல்லை என்பதற்கும் இல்லை. துன்யா அதை எழுதிக்கொள்ளவில்லை. ஈஸ்டருக்கு ஊருக்குப் போனபோது, வெங்காயத் தோலில் முட்டைகளுக்குச் சாயம் ஏற்றிக்கொண்டே அம்மாவிடம் மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

ஜூன் மாதம், பறிப்பு தொடங்க இருந்த நேரத்தில், ஆலங்கட்டி விழுந்தது. கொட்டகையில் ஆறு ராக்கெட்டுகள் இருந்தன. மிலோய்கோ வயர்லெஸ்ஸைப் பிடித்துக்கொண்டு நின்றார். வானத்தில் விமானம் இருக்கிறது, பொறு என்று பதில் வந்தது. அனுமதி வந்தபோது கட்டி விழுந்து முடிந்திருந்தது. ஊரில் ஒரு தோட்டம்கூடத் தப்பவில்லை, அவருடையதும்தான். அவரை அந்த வேலையிலிருந்து நிறுத்திவிடச் சொல்லி ஊரார் கூட்டம் போடுகிறார்கள் என்று அம்மா ஸ்தான்கா தொலைபேசியில் சொன்னார். தேர்வை விட்டுவிட்டு துன்யா கிளம்பினாள். நானும் போனேன். பேருந்தில் நாங்கள் பேசிக்கொள்ளவில்லை. எங்களுக்குள் அது வழக்கம்தான்.

கூட்டத்துக்குப் போகுமுன் ஸ்தான்கா எங்களை அடுக்களையில் உட்கார வைத்தார். காபிப் பாத்திரத்தை அடுப்பிலிருந்து இறக்கிவிட்டு மகளைப் பார்த்தார்.

"நீ படிச்சவ. நீ சொன்னா நம்புவாங்க. ராக்கெட்டால ஒண்ணும் ஆகாதுன்னு சொல்லிடு. அப்புறம் உங்கப்பாவை யாரு என்ன கேக்க முடியும்?"

"அப்படிச் சொன்னா, அப்பா இத்தனை வருஷமா பட்டாசு விட்டுட்டு இருந்தாருன்னு ஆயிடும்மா."

"ஆகட்டும்டி. பட்டாசு விட்டவன் மூஞ்சில ஊர்ல யாரும் துப்ப மாட்டாங்க."

துன்யா காபியைக் குடிக்கவில்லை. ராக்கெட்டால ஒண்ணுமே ஆகாதுன்னும் சொல்ல முடியாதும்மா என்றாள் கொஞ்சம் கழித்து. ஸ்தான்கா காதில் வாங்கியதாகத் தெரியவில்லை.

பழைய பால் கூட்டுறவுக் கட்டடத்தில் கூட்டம். மிலோய்கோ ஓரமாக, தொப்பியை முழங்காலில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவருக்கு இருபக்கமும் நாற்காலிகள் காலியாக இருந்தன. முதலில் பேசியவர்கள் தங்கள் நஷ்டத்தைச் சொன்னார்கள். அன்று மிலோய்கோ குடித்திருந்தார் என்று ஒருவர் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. கடைசியில் ரதிசாவ் எழுந்தார்.

"மிலோய்கோ." கூம் என்றுதான் எப்போதும் கூப்பிடுவாராம். "ஆறு ராக்கெட்டு. ஆறையும் அடைகாத்துட்டு இருந்தியா, குஞ்சு பொரிக்கும்னு?"

சிலர் சிரித்தார்கள். மிலோய்கோ தரையைப் பார்த்தே பேசினார். "அனுமதி வரல. மேல விமானம்."

"விமானத்துல போறவன் வந்து என் தோட்டத்தைப் பறிப்பானா? நீ சுட்டிருக்கணும்டா. ஜெயில்ல போட்டாங்கன்னா நான் தினம் சோறு கொண்டு வந்திருப்பேன்."

அவர் விளையாட்டாகச் சொல்லவில்லை. உண்மையாகவே கொண்டு போயிருப்பார். ஸ்தான்கா மகளின் முழங்கையைத் தொட்டார். துன்யா எழுந்தாள். தேர்வுக்கு நிற்பது போலக் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள். மேகத்தில் கட்டி எப்படி வளர்கிறது, எவ்வளவு வேகத்தில் விழுகிறது என்று ஆரம்பித்தாள். பின்வரிசையில் யாரோ கொட்டாவி விட்டார்கள். அவள் நிறுத்தினாள்.

"அன்னிக்குச் சுட்டிருந்தா என்ன ஆகியிருக்கும்னு எங்கப்பாவுக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நாங்க படிக்கிற இடத்துலயும் யாருக்கும் தெரியாது."

"தெரியாதுன்னு சொல்றதைக் கத்துக்கவா பெல்கிரேடு வரைக்கும் போனே?" என்றார் ரதிசாவ்.

"ஆமா மாமா. பெரும்பாலும் அதைத்தான்."

இந்த முறை சிரிப்பு வேறுமாதிரி இருந்தது. இறுக்கம் தளர்ந்தது. ஒருவர் சிகரெட் பற்றவைத்தார். தெரியாத ஒன்றுக்காக ஒரு மனிதனை எப்படித் தண்டிப்பது என்று அவர்கள் யோசிப்பதை என்னால் பார்க்க முடிந்தது. அவள் அத்தோடு உட்கார்ந்திருந்தால் போதும். அப்போதுதான் மிலோய்கோ தலையைத் தூக்கினார்.

"துன்யா. அப்போ அந்த வருஷம்? எல்லா ஊர்லயும் விழுந்து, இங்க மட்டும் விழாத வருஷம்?"

அவர் அதைக் கூட்டத்துக்காகக் கேட்கவில்லை. அந்த அறையில் அவருக்குத் தன் மகளைத் தவிர யாரும் இல்லாதது போல இருந்தது அந்தக் குரல். மௌனங்களோடு எனக்கு நல்ல பழக்கம் உண்டு. பலவற்றில் சௌகரியமாக இருந்திருக்கிறேன். அவர் கேட்ட பிறகு வந்த மௌனத்தில் என்னால் இருக்க முடியவில்லை. ஒரு சொல் போதும், நீங்கதான்ப்பா என்று. யாரும் அவளிடம் ஆதாரம் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அந்த வருடத்தை அவருக்குக் கொடுத்தால், இந்த வருடத்தையும் அவர் தலையில் வைக்க வேண்டும். இதற்குத் தெரியாது என்றால் அதற்கும் தெரியாதுதான். அவள் முகத்தில் அது வரிசையாக நடந்து முடிந்ததைப் பார்த்தேன்.

"அதுவும் தெரியாதுப்பா."

மிலோய்கோ தலையாட்டினார். ஏதோ விலை விசாரித்து, பதில் கிடைத்தவர் போல. தொப்பியைப் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவரை நிறுத்துவதா என்று யாரும் வாக்கெடுக்கவில்லை. ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். ரதிசாவ் மட்டும் கொஞ்ச நேரம் நின்றார், யாரையாவது திட்ட வேண்டும், யாரும் மிச்சமில்லை என்பது போல.

வீட்டில் ஸ்தான்கா பாத்திரங்களைச் சத்தமாக வைத்தார். மிலோய்கோ பீன்ஸ் சூப்பில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிட்டு முடித்த பிறகு கேட்டார்.

"உங்கம்மா பொய் சொல்லச் சொன்னாளா?"

"பொய்யில்லப்பா. பாதி உண்மை."

"நீ மீதியையும் சொல்லிட்ட."

கோபமில்லாமல்தான் சொன்னார். துன்யா மேசைவிரிப்பில் ரொட்டித் துணுக்குகளை ஒன்றாகச் சேர்த்துக்கொண்டிருந்தாள்.

உடைந்த கொடிகளை வெட்டி எடுக்க நாங்கள் அங்கேயே தங்கினோம். அதே வாரம் பிற்பகலில் இன்னொரு மேகம் வந்தது. அடி கறுத்து, மேலே கொல்லன் பட்டறைக் கல் போலத் தட்டையாக விரிந்திருந்தது. புத்தகத்தில் படமாகப் பார்த்ததை நான் நேரில் பார்த்த முதல் தடவை அது. இலைகளைத் தவிரக் காப்பாற்ற எதுவும் இல்லாத தோட்டங்களிலிருந்து ஆட்கள் வந்து மிலோய்கோ வீட்டு முற்றத்தில் நின்றார்கள். ரதிசாவும் வந்தார்.

"போப்பா, கூமே," என்றார். "சுடு."

மிலோய்கோ மகளைப் பார்த்தார். போங்க என்றும் அவள் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை. அவர் குன்றேறினார். அன்று உத்தரவு உடனே வந்தது. நான்கு ராக்கெட்டுகள் போயின. நாங்கள் எல்லாரும் தலையை நிமிர்த்தி நின்றோம். கொஞ்ச நேரத்தில் பெருந்துளிகளாக மழை வந்தது. வெறும் மழை.

யாரும் கத்தவில்லை, யாரும் யாரையும் தூக்கவில்லை. அவர் நனைந்தபடி இறங்கி வந்தபோது முற்றத்தில் நின்றவர்கள் வழிவிட்டார்கள். நன்றி சொல்ல ஒருவர் வாயெடுத்து, துன்யாவைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். மிலோய்கோ அதைக் கவனித்தார். சட்டையைக் கழற்றிப் பிழிந்தார்.

அந்தப் பருவம் முடிந்ததும் மிலோய்கோ கொட்டகைச் சாவியைக் கொடுத்துவிட்டார். வேறு யாரும் முன்வராததால் ரதிசாவ் அந்த வேலையை ஏற்றுக்கொண்டார். அடுத்த இரண்டு கோடையிலும் அங்கே ஆலங்கட்டி விழவில்லை. அவர் கைராசிக்காரர் என்று பேர். மிலோய்கோ சில வருடங்கள் கழித்து இதயம் நின்று இறந்தார். சவ ஊர்வலத்தில் சிலுவையைச் சுமந்து முன்னே நடந்தவர் ரதிசாவ். ஸ்தான்கா தோட்டத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டு அதே வீட்டில் இருக்கிறார். மகளோடு பேசுகிறார், வானிலையைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. துன்யா விட்டுப்போன தேர்வில் செப்டம்பரில் தேறினாள். லியுப்லியானாவில் வானிலை முன்னறிவிப்பு வேலை பார்க்கிறாள், மணமாகவில்லை. நான் வானிலைப் படிப்பைப் பாதியில் விட்டேன். ஸ்ரெனியானினில் ஒரு பள்ளியில் கணக்குச் சொல்லித்தருகிறேன்.