ஒரு முழம் குறைந்த தண்டவாளம்

1931ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில் ஒரு பிற்பகல். ஹந்தானை மலைத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிற்சாலை வாசலில், இயந்திரங்களைப் பழுதுபார்க்கும் பிட்டர் சேதுராமன் மணியை ஓங்கி ஓங்கி அடித்துக்கொண்டிருந்தான். மணியென்பது தொங்கவிடப்பட்ட தண்டவாளத் துண்டே. பழையது வெடித்துப்போனமையால் அன்று காலைதான் புதியதை மாட்டினான். அது தரையில் இடித்ததனால், பழையதன் நீளம் பாராமல், தலைப்பக்கம் ஒரு முழம் அறுத்தும் விட்டான்.

ஓடைக்கு அப்பால், மூடுபனிக்குள், பெண்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தனர். அவன் மனைவி வடிவம்மாவும் அவர்களுள் ஒருத்தி. மேல்மலை மழையால் பொங்கிய ஓடை, அவர்கள் திரும்பிவரவேண்டிய பலகைப் பாலத்தின் அடியைத் தொட்டுவிட்டது. ஓடிப்போய்ச் சொல்லலாமெனில், போய்ச் சேருமுன் பாலம் போய்விடும். மழையிரைச்சலில் மனிதக் குரலும் எடுபடாது; தோட்டத்து மணி கேட்டால்தான் திரும்புவார்கள்.

ஒருவரும் வரவில்லை.

குடையோடு வந்து நின்ற, தொழிற்சாலையில் தேயிலைத் தயாரிப்பைக் கவனிக்கும் டீமேக்கர் பொன்னுத்துரை காது கொடுத்துக் கேட்டார். "சேது, உது பக்கத்துத் தோட்டத்து மணிமாதிரியெல்லோ கேக்குது? எங்கடை ஆக்கள் எப்பிடி வருவினம்?"

சேதுராமன் தண்டவாளத்தின் அறுத்த முனையை நிமிர்ந்து பார்த்தான். நீளம் குறைந்த இரும்பு விரைந்து அதிரும். விரைந்து அதிர்வது உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். அறுத்த முழத்தை இனி ஒட்டவைக்க இயலாது. இன்னும் பலமாக அடிக்கச் சொன்னார் பொன்னுத்துரை. பலமாக அடித்தால் ஓசை பெருகுமேயன்றிச் சுருதி இறங்காது.

காலையில், தூக்கி மாட்டுவதற்காகச் சுற்றிய கனத்த சங்கிலி அடிமுனையில் இறுகிக் கிடந்தவரை, இதே இரும்பு தாழ்ந்து முனகியது அவன் நினைவில் பளிச்சிட்டது. முனை கனத்தால் அதிர்வு மந்தமாகும்! தண்டவாளங்களைப் பிணைக்கும் இரும்புப் பட்டைகள் இரண்டை அள்ளிவந்து, அடிமுனைத் துளைகளில் திருகாணியிட்டு முடுக்கினான். அடித்தான்; பட்டைகள் இறுகாமல் கடகடவென்றன. உள்ளங்கைத் தோல் உரியுமளவு ஸ்பேனரை மீண்டும் திருகினான்.

இம்முறை ஓசை அகன்று தாழ்ந்து பள்ளத்தாக்கில் இறங்கியது. பழைய குரல் அப்படியே இல்லை. ஆயினும் பக்கத்துத் தோட்டத்ததன்று. கை ஓயாமல் அடித்தான்.

பனியைப் பிளந்து கூடைகள் தெரிந்தன. தண்ணீர் பலகைமேல் ஏறிய பின்னரே கடைசிப் பெண் கரையேறினாள். அவள் வடிவம்மா. அவள் திரும்பிப் பார்க்கையில் பாலம் இல்லை.

நடுக்கத்தோடு ஏறிவந்தவள் மணியை மேலும் கீழும் பார்த்தாள்.

"அடுத்த தோட்டத்து மணின்னு ஒருத்தியும் நிமிந்து பாக்கலை. அப்புறம் நம்ம மணி சளி புடிச்ச மாதிரி கூப்பிட்டுச்சு. யாருங்க இதை அறுத்தது?"

சேதுராமன் ஸ்பேனரை முதுகுக்குப்பின் மறைத்துக்கொண்டான்.