அக்காவுக்கு ஒத்துப்போன ஊர்

வீட்டில் அவனுக்கு ரேடியோ என்று பெயர். துக்கம் விசாரிக்கப் போன இடத்தில்கூட நாலு பேரைச் சிரிக்க வைத்துவிட்டுத்தான் எழுந்து வருவான். தான் படிக்கும் வெளிநாட்டுக் கல்லூரிக்கே அப்படிப்பட்ட தம்பியும் வரப்போகிறான் என்றதும் அக்காவுக்குத் தலைகால் புரியவில்லை. கூடவே பயமாகவும் இருந்தது.

முதல் வருடம் அவள் அங்கே பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும். வகுப்பில் ஒரு வாக்கியத்தை மனதுக்குள் கோத்து முடிப்பதற்குள் பேச்சு வேறெங்கோ போயிருக்கும். கேன்டீனில் யார் பக்கத்தில் உட்காருவதென்று தெரியாமல் மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து சாப்பிடுவாள். சாயங்காலம் முகத்தைக் கழுவிக்கொண்டு வீடியோவில் அம்மாவைக் கூப்பிட்டு, "சூப்பரா இருக்கேன்மா, எல்லாரும் நல்லாப் பழகறாங்க" என்பாள். அம்மா கவலைப்படக் கூடாதே என்றுதான். அம்மாவின் தோளுக்குப் பின்னால் நின்று தம்பியும் அதைக் கேட்டுக்கொண்டிருந்தான்.

வந்த புதிதில் தினமும் அவள் அறைக்கு வந்து அரட்டை அடித்தான். பிறகு, "வேலை இருக்குக்கா" என்று தட்டிக் கழித்தான். அவளுக்கும் பரீட்சை நேரம், அதற்குமேல் கேட்கவில்லை. கடைசியில் அவனுடைய அறைத்தோழன்தான் நூலகத்தில் அவளைத் தேடி வந்து, அவன் வகுப்புக்கே போவதில்லை என்று சொன்னான்.

ஓடிப்போய்ப் பார்த்தாள். பட்டப்பகலில் திரைச்சீலையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தான். மேசைமேல் காய்ந்துபோன தட்டுகள்.

"என்னடா ஆச்சு?"

"ஒரு ஜோக் சொன்னேன்க்கா. யாரும் சிரிக்கல. விளக்கிச் சொன்னேன். பாவமேன்னு சிரிச்சாங்க. அதுக்கப்புறம் வாயைத் திறக்கவே பிடிக்கல." சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டான். "நீ வந்த உடனே எல்லாரோடயும் ஒட்டிக்கிட்டே. எனக்குத்தான் ஏதோ கோளாறு."

மாடிப்படிக் கதை அவளுடைய நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அம்மா காதுக்குப் போகும். இத்தனை நாள் பேசியதெல்லாம் பொய்யென்று ஆகிவிடும். விழுங்கிக்கொண்டாள்.

"போகப் போகப் பழகிடும்டா. நீதான் கொஞ்சம் முயற்சி பண்ணணும்."

சரியென்று தலையாட்டினான். செமஸ்டர் முடிந்ததும் அப்பாவிடம் சொல்லி ஊர் திரும்ப டிக்கெட் எடுத்துவிட்டான்.

விமான நிலையத்தில் அவன் வரிசையில் நின்றபோது அவளுக்குத் தாங்கவில்லை. "டேய், நானும் இங்க அழுதிருக்கேன்டா. படிக்கு அடியில ஒளிஞ்சு உட்கார்ந்து சாப்பிட்டிருக்கேன்."

"எப்ப?"

"முதல் வருஷம் பூரா."

பையைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தான். "அன்னைக்கு ரூம்ல இதைச் சொல்லியிருக்கலாமேக்கா. உலகத்துல எனக்கு மட்டும்தான் இப்படின்னு நெனச்சேன்."

கோபமாகச் சொல்லியிருந்தால்கூட ஆறுதலாக இருந்திருக்கும். நிதானமாகத்தான் சொன்னான். வரிசை நகர்ந்தது. பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான்.

இப்போது உள்ளூர்க் கல்லூரியில் படிக்கிறான். பழையபடி கலகலப்பாகிவிட்டான் என்று அம்மாவுக்கு ஏக சந்தோஷம். அக்கா கூப்பிடும்போது பின்னால் அவன் யாரையோ கலாய்ப்பது கேட்கும். அம்மா ஃபோனை அவனிடம் நீட்டுவாள்.

"சாப்டியாக்கா? உடம்பைப் பார்த்துக்கோ."

"இன்னும் கொஞ்ச நேரம் பேசேன்டா."

"உனக்குப் படிக்கிற வேலை இருக்கும்" என்று மரியாதையாகச் சொல்லிவிட்டு, ஃபோனை அம்மாவிடமே கொடுத்துவிடுவான்.