ஒன்றுக்கு மூக்கு உண்டு

மடு மாதா மேல் ஆணை, இதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை. பொய்யென்றால் என் மிச்சப் பல்லும் இப்போதே விழட்டும்.

2006இல் விம்பிள்டனில் ஒரு பழம்பொருள் கண்காட்சி. ஜெர்மனியில் பதினாலு வருசம் லேத் பட்டறையில் நின்றுவிட்டு லண்டன் வந்த மோர்டன் பெனடிக்ற், தன் 1943ஆம் ஆண்டு ஜெர்மன் துவக்கை அங்கே கொண்டுபோனார். சுடமுடியாதபடி அடைத்து, சான்றிதழோடு விற்ற துவக்கு. கம்பளியில் சுற்றி ட்ராமில் ஏற்றியபோது, ஏதோ மாதா சொரூபமென்று நினைத்து ஒரு பொலிஸ்காரர் எழும்பி அதற்கு இருக்கை கொடுத்தார்.

பெனடிக்ற்றுக்கு வேண்டியது ‘முழுக்க அசல்’ மேசையில் ஓரிடம். ஜெர்மன்காரன் குழலிலும், ரவையை உள்ளே தள்ளி அடைக்கும் பூட்டிலும் ஒரே எண்ணை அடித்துத்தான் துவக்கை வெளியே விடுவான். எண் மாறினால் பூட்டு வேறு துவக்கினுடையது.

நடுவர் புவனேந்திரன், கணக்கு வாத்தியாராய் இருந்தவர், கண்ணாடியை ஏற்றி இறக்கினார்.

“குழலிலை எண் தேஞ்சுபோச்சு. சான்றிதழிலை 4153. பூட்டிலை 4753. ஒட்டுவேலை, பெனடிக்ற். அங்காலை மேசையிலை வையும்.”

பெனடிக்ற்றுக்குக் கோபம் உச்சியில் ஏறியது.

“ஏழோ? அது ஒண்டு, ஐசே! ஜெர்மன்காரன்ரை ஒண்டுக்கு மூக்கு நீளம்.”

“முப்பது வருசம் கணக்குப் படிப்பிச்சனான். எனக்கு ஏழு தெரியாதோ?”

“உம்மட்டைப் படிச்சதுகள் பாவம்! எத்தினை பேர் இப்பவும் பதினொண்டை எழுபத்தேழு எண்டு வாசிக்குதுகளோ!”

“கத்தாதையும்.”

“கத்துவன்! பதினாலு வருசம் அவன்ரை இரும்போடை கிடந்தவன் நான். என்னைப் பார்த்தோ ஒட்டுவேலை எண்டுறீர்?”

அந்தச் சத்தத்தில், பக்கத்து மேசையில் நூறு வருசமாய் நின்றுபோயிருந்த மணிக்கூடொன்று ஓடத் தொடங்கியது. நேரமும் சரியாகத்தான் காட்டியது.

பெனடிக்ற், குழலின் மேலே தூர எண்கள் அடித்திருந்த குறிபார்க்கும் தகட்டில் விரலை வைத்தார். “இதிலை ஒண்டும் இருக்கு, ஏழும் இருக்கு. ரெண்டையும் பார்த்திட்டுப் பூட்டைப் பாரும்.”

புவனேந்திரன் பூதக்கண்ணாடியோடு குனிந்தார். தகட்டில் ஏழுக்குத் தட்டைக் கூரை. ஒன்றுக்குச் சரிந்த மூக்கு. பூட்டிலிருந்ததும் மூக்குத்தான்.

“ஓம்... ஒண்டுதான்.”

“கேக்கேல்லை!”

“ஒண்டு, ஒண்டு! ஆளை விடும்!”

துவக்கை அவரே தூக்கிப்போய் அசல் மேசையின் நடுவில் வைத்தார்.

“இரும்புக்கும் மானம் இருக்கு, ஐசே,” என்றார் பெனடிக்ற், இன்னும் மூச்சு வாங்கியபடி.

அந்த எண்ணைப் பூட்டில் அடித்தவர் பெனடிக்ற்தான்; முந்தின கிழமை, தன் கராச்சுக்குள் வைத்து.