தொழிலில் இறந்தவர்

விசைப்படகுகளுக்கான தடைக்காலம் முடிய இன்னும் பத்து நாள் இருந்தது. ரெஜினாள் அன்று மீன் எடுக்கப் போகவில்லை. மகள் ஜெஸ்பினைக் கூட்டிக்கொண்டு அருமனைக்குப் பேருந்து ஏறினாள். வழக்கமாக அந்தப் பேருந்தில் பின்வாசல் பக்கம் அலுமினிய மீன் சருவத்தோடு நிற்பாள். இன்று முன்னால் இடம் கிடைத்தது.

கண்டக்டர் அவளைப் பார்த்துவிட்டு, "என்னக்கா, மீன் இல்லியா? அப்போ எனக்க வீட்ல இன்னைக்கு சாம்பாரா?" என்றார்.

"ஒரு நாள் சாம்பாரும் தின்னு பாரும். செத்துப் போவ மாட்டீரு."

"மகளுக்குக் கல்யாணமா?"

"படிப்பு ஓய். ரெண்டு டிக்கெட் கிழியும்."

கல்லூரி ஊருக்கு அப்பால் ரப்பர் மரங்களுக்கு நடுவே இருந்தது. நர்சிங் கல்லூரி. அதை நடத்தும் அறக்கட்டளை ஒரு சலுகை வைத்திருந்தது. மீட்புப் பணியில் உயிரைக் கொடுத்தவர்களின் பிள்ளைகளுக்கு நான்கு வருடமும் கட்டணம் இல்லை. தீயணைப்பு வீரர்கள், போலீஸ், ஆம்புலன்ஸ் ஆட்கள், தன்னார்வலர்கள். ஜெஸ்பின் போனில் பார்த்து விண்ணப்பித்திருந்தாள். மார்க் போதும், இடம் உண்டு என்று முதலில் பதில் வந்தது. சலுகை இல்லை என்று பிறகு வந்தது. சலுகை இல்லாத இடம் அவர்களுக்கு இடமே அல்ல.

அலுவலக மேலாளர் சிவபிரசாத் விண்ணப்பத்தை எடுத்து மேசையில் திருப்பி வைத்தார்.

"இதைப் பாருங்கம்மா. தந்தை எந்தப் பணியில் இருந்தபோது இறந்தார்? என்ன எழுதியிருக்கீங்க?"

ஜெஸ்பினின் உருண்டைக் கையெழுத்து. மீன்பிடித் தொழில்.

"அது சரிதானே சார்" என்றாள் ரெஜினாள்.

"சரிதான். அதனாலதான் தள்ளிட்டாங்க. இது மீட்புல செத்தவங்களுக்கு உள்ளது. போலீஸ் பேப்பர்லயும் மீன்பிடிக்கச் சென்றபோது அலையில் சிக்கின்னுதான் இருக்கு. பின்னே எதுக்கு அப்ளை பண்ணினீங்க?"

அவர் கடுமையாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டார். ஜெஸ்பின் அம்மாவைப் பார்க்காமல் சொன்னாள்.

"அப்பா நாலு பேரை கடல்ல இருந்து ஏத்துனாரு சார். நாலாவது ஆளைத் தள்ளி ஏத்தும்போதான் அலையில வள்ளம் அவரு மேல அடிச்சிது."

சிவபிரசாத் கண்ணாடியைக் கழற்றினார்.

"அதை ஏன் எழுதல?"

"நான் எழுதுனேன். அம்மைதான் அழிக்கச் சொன்னா."

அவர் ரெஜினாளைப் பார்த்தார். இதில் விளக்க என்ன இருக்கிறது என்றிருந்தது அவளுக்கு.

"கடல்ல ஆள் விழுந்தா எடுக்கதும் தொழில்தானே சார்" என்றாள். "வேற ஆரு வருவா?"

சிவபிரசாத் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். பிறகு, வெள்ளிக்கிழமை கமிட்டி கூடுகிறது என்றார். மறுபடியும் எடுத்து வைக்கிறேன், ஆனால் ஏறிய நாலு பேரில் ஒருவராவது நேரில் வந்து நடந்ததைச் சொல்ல வேண்டும்.

"வருவாங்கதானே? உயிரைக் காப்பாத்துன ஆளாச்சே."

ரெஜினாள் மகளைக் கூட்டிக்கொண்டு எழுந்தாள்.

*

அந்தக் கரையில் ஒரு வழக்கம். கடலில் ஒருவனைத் தூக்கியவன் கரையில் அதைச் சொல்ல மாட்டான். தூக்கப்பட்டவன் நன்றி சொல்ல மாட்டான். யாரும் சொல்லிக்கொடுத்தது அல்ல. இன்று தூக்கியவனை நாளை அவன் தூக்க வேண்டியிருக்கும். நன்றி சொல்லத் தொடங்கினால் கணக்குத் தொடங்கும். கணக்குத் தொடங்கினால் அடுத்த தடவை ஒருவன் கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு நொடி யோசிப்பான். கடலில் அந்த ஒரு நொடி போதும்.

ரெஜினாளின் கணவன் யூஜின் சில நாள் வீட்டுக்கு வரும்போது நெஞ்சிலும் தோளிலும் சிராய்ப்பு இருக்கும். ஒரு தடவை வேறு யாருடைய சட்டையையோ போட்டுக்கொண்டு வந்தான். கட்டஞ்சாயா கேட்பான். குடித்துவிட்டுப் படுப்பான். ரெஜினாள் கேட்டதில்லை. மறுநாள் தண்ணீர்க் குழாயடியில் பெண்கள் பேசுவதைவிட்டு அவளுக்கு இடம் ஒதுக்குவார்கள். குடத்தை முதலில் வைக்கச் சொல்வார்கள். அப்போது தெரிந்துகொள்வாள். யாரை, எத்தனை பேரை என்பது அப்போதும் தெரியாது. அப்படி ஒருவனுக்கு வாழ்க்கைப்பட்டிருக்கிறோம் என்பது மட்டும் தெரியும். குடத்தை வாங்கி இடுப்பில் வைக்கும்போது முதுகு தானாக நிமிரும்.

போன வருட ஆனியில் யூஜின் கடலில் போனான். கடைசியாக அவன் தள்ளி ஏற்றியது ஆபேலை. ஆபேல் இரண்டு தெரு தள்ளி இருக்கிறான். யூஜினை அண்ணன் என்று கூப்பிட்டவன். அடக்கத்தன்று பெட்டியின் தலைமாட்டைப் பிடித்து, கல்லறைத் தோட்டம் வரை தோள் மாற்றாமல் வந்தவன். அதன்பிறகு அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. தன் வள்ளம் அன்று உடைந்ததால் இப்போது கொச்சி பக்கம் விசைப்படகில் போகிறான். மற்ற மூன்று பேரும் கல்ஃபில். தடைக்காலம் முடிந்தால் ஆபேலும் போய்விடுவான். போனால் திரும்ப ஒரு மாதம் ஆகும்.

அன்று சாயங்காலம் இருவரும் ஆபேல் வீட்டுக்குப் போனார்கள். அவன் முற்றத்தில் குந்தியிருந்து மகனுடைய சைக்கிளுக்குச் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தான். தலையை மட்டும் அசைத்தான். அவன் மனைவி சுனிதா கட்டஞ்சாயா கொண்டுவந்தாள்.

"இந்தச் சைக்கிளுக்குக் காட்டுத கரிசனம் எனக்கிட்ட காட்டினாக் கொள்ளாம் மைனி" என்றாள் சுனிதா. "தடைக்காலம் வந்தா இவருக்கு வீடே வொர்க்‌ஷாப்புதான். மிக்ஸியைப் பிரிச்சாரு. மூணு நாளா தேங்காயை அம்மியில அரைக்கேன்."

"பூட்டத் தெரிஞ்சிதா?"

"பூட்டினாரு. ரெண்டு ஸ்குரூ மிச்சம்."

"மிக்ஸி ஓடுதில்லா?" என்றான் ஆபேல் மனைவியிடம், நிமிராமல். "ஓடினாப் போதும். கம்பெனிக்காரன் வெறுதே கூட ரெண்டு வச்சிருக்கான்."

எல்லாரும் சிரித்தார்கள். பெண்கள் மழையைப் பற்றிப் பேசினார்கள். மத்தி விலை பற்றிப் பேசினார்கள். ஜெஸ்பினுக்கு என்ன மார்க் என்று சுனிதா கேட்டாள். ரெஜினாள் சொன்னாள். அதற்கு மேல் வாயில் வரவில்லை. என் புருஷன் உன்னை எடுத்தான், அதை வந்து சொல் என்று எப்படிக் கேட்பது? செய்ததற்குக் கூலி கேட்பது போல இருக்கும். டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு எழுந்தாள்.

"அப்போ வாறோம் சுனிதா."

ஜெஸ்பின் எழவில்லை.

"சித்தப்பா" என்றாள். "எனக்க அப்பா ஒங்கள கடல்ல இருந்து ஏத்துனாரா, இல்லியா?"

சங்கிலியில் இருந்த கை நின்றது.

"ஏட்டி!" என்றாள் சுனிதா.

"வெள்ளிக்கிழமை காலேஜ்ல வந்து அதைச் சொல்லணும் சித்தப்பா. சொன்னா நான் படிப்பேன். சொல்லலேன்னா இல்ல."

ஆபேல் கையைத் துணியில் துடைத்தான். விரல் விரலாகத் துடைத்தான். யாரையும் பார்க்காமல் எழுந்து படலையைத் திறந்து கடல் பக்கமாக நடந்தான்.

திரும்பும் வழியில் ரெஜினாளுக்கு முகம் எரிந்தது.

"நீ கேட்டது தெற்று. ஒனக்க அப்பா இருந்தா ஒனக்க முகத்துல முழிக்க மாட்டாரு."

"இருந்தா நான் ஏன் கேக்கேன்?"

"படிப்புக்கு வேற வழி பாக்கலாம்."

"படிப்பு மட்டும் இல்லம்மா." ஜெஸ்பின் நின்றாள். "பேப்பர்ல என்ன இருக்கு? அலையில் சிக்கி. நீந்தத் தெரியாத சவம் மாதிரி. அப்பா சிக்குனாராம்மா? போனாரில்லியா?"

ரெஜினாள் மகளைப் பார்த்தாள். யூஜினின் தாடை. அவள் கையைப் பிடித்துக்கொண்டு நடந்தாள்.

*

வெள்ளிக்கிழமை பேருந்தில் ஆபேல் இல்லை. ரெஜினாள் எதிர்பார்க்கவும் இல்லை. ஜெஸ்பின் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வெளியே பார்த்துக்கொண்டு வந்தாள்.

கமிட்டி அறையில் மூன்று பேர் இருந்தார்கள். முதல்வர் சபிதா. எழுதிக்கொள்ள சிவபிரசாத். நடுவில் கோலப்பன். தீயணைப்பு நிலைய அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். வலது புறங்கையில் தீக்காயத்தின் வழுவழுப்பு. இந்தச் சலுகையை அறக்கட்டளையிடம் சண்டை போட்டு வாங்கியவர் அவர்தான் என்று சிவபிரசாத் வெளியே சொல்லியிருந்தார். அவர்தான் கறாரானவர் என்றும் சொல்லியிருந்தார்.

"தப்பா எடுக்கப்பிடாது அம்மா" என்றார் கோலப்பன். "எனக்குக் கீழ வேலை பார்த்த பையன் ஒருத்தன் கிணத்துக்குள்ள இறங்கினான். உள்ள விஷவாயு இருக்குன்னு தெரியும். தெரிஞ்சுதான் இறங்கினான். அவன் பிள்ளைக்காகத்தான் இதை நான் கேட்டு வாங்கினேன். அதனால எனக்கு ஒண்ணு மட்டும் தெரியணும். உங்க வீட்டுக்காரரு தெரிஞ்சு போனாரா? இல்ல தொழிலுக்குப் போன இடத்துல அலை அடிச்சுதா?"

"தெரிஞ்சுதான் சார்."

"நீங்க பாத்தீங்களா?"

"மீன் ஏலக்கரையில நின்னேன். பாத்தேன்."

"சொல்லுங்க."

ரெஜினாள் வாயைத் திறந்தாள். எல்லாம் கண்ணுக்கு நேரே நின்றது. முகத்துவாரத்தில் கவிழ்ந்து கிடந்த ஆபேலின் வள்ளம். நீரில் தலைகள். மேலே ஏறி மறுபடி இறங்கிய யூஜினின் சிவப்பு பனியன். அழுகை வரவில்லை. சொல்தான் வரவில்லை. பத்தொன்பது வருடம் கேட்காமல் இருந்த வாய் அது.

"வள்ளத்தைத் திருப்புனாரு" என்றாள்.

சிவபிரசாத் காத்திருந்தார். பேனா காத்திருந்தது.

"அவ்வளவுதான் சார்."

சபிதா தண்ணீர் தம்ளரை அவள் பக்கம் தள்ளினார். கோலப்பன் புறங்கையைத் தடவிக்கொண்டார். கதவு தட்டப்பட்டது.

ஆபேல். துணிப்பெட்டிக்குள் கிடந்த மடிப்பு கலையாத வெள்ளைச் சட்டை. உட்காரச் சொன்னார்கள். உட்காரவில்லை. நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"பஸ் விட்டுப்போச்சு" என்றான் ரெஜினாளிடம். "மன்னிக்கணும் மைனி."

ஒரு வருடம் கழித்து அவளிடம் அவன் பேசிய முதல் வார்த்தை. பஸ்ஸுக்காக அல்ல என்று அவளுக்குத் தெரிந்தது.

"யூஜின் உங்களைக் காப்பாத்தினாரா?" என்று கேட்டார் கோலப்பன்.

"அந்த வாக்கு நாங்க சொல்ல மாட்டோம் சார். நடந்தது என்னன்னு சொல்லுதேன். எழுதிக்கிடுங்க."

ரெஜினாள் தலையைக் குனிந்துகொண்டாள். கேட்கக் கூடாததைக் கேட்கப்போகிறவளைப் போல. பிறகு, கேட்டாக வேண்டும் என்று நிமிர்ந்தாள்.

"நாங்க நாலு பேரு. முகத்துவாரத்துல அலை தூக்கி மறிச்சிட்டுது. எங்க வள்ளம் கமந்து கிடக்கு. அண்ணன் எங்களுக்கு முன்னாலயே உள்ள வந்தாச்சு. அவருக்க வள்ளத்தைக் கட்டப் போறாரு. கூட உள்ளவனுவ ரெண்டு பேரும் கரையில குதிச்சாச்சு. அவரு எங்களப் பாத்தாரு. அவனுவ ஏறதுக்கு முன்னால ஒத்தைக்குத் திருப்பிட்டாரு."

"ஒத்தைக்கா?"

"ஆளு கூடுனா எங்களுக்கு இடம் இருக்காதுல்லா."

கோலப்பன் கொஞ்சம் முன்னால் சாய்ந்தார்.

"முதல்ல எனக்க தம்பி ஜெரிஷை எடுத்தாரு. அவன்கிட்ட இஞ்சினைக் குடுத்தாரு. பொறவு மத்த ரெண்டு பேரு. எனக்குக் கை செத்துப்போச்சு, கயிறு நிக்கல. அதனால அவரே குதிச்சாரு. அடியில வந்து எனக்க காலைத் தோள்ல வச்சு உந்தி வள்ளத்துக்குள்ள போட்டாரு. நான் திரும்பிக் கையை நீட்டினேன். அவருக்க கை எனக்க கையில இருந்துது சார். அப்பதான் அடுத்த அலை."

நாற்காலியின் முதுகில் அவன் விரல்கள் வெளுத்திருந்தன. ஜெஸ்பின் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோலப்பன் தொண்டையைச் செருமினார். அவருக்குக் கேட்க விருப்பமில்லை என்பது தெரிந்தது. ஆனாலும் கேட்டார். கிணற்றில் இறங்கிய பையனுக்காகக் கேட்பது போல இருந்தது.

"தம்பி, நான் நம்புறேன். ஆனா பேப்பர்ல தொழிலுக்குப் போனப்போன்னு இருக்கு. அதை மாத்தி எழுதணும்னா எனக்கு மேல உள்ளவங்க கேப்பாங்க. மீன்பிடிக்கப் போயிட்டு வாற வழிதானே, அப்போ அதுவும் தொழில்தானேன்னு கேப்பாங்க. நான் என்ன சொல்ல?"

ஆபேல் யோசித்தான். மேசைமேல் கிடந்த விண்ணப்பத்தைப் பார்த்தான்.

"அன்னைக்கு நல்ல மீன்பாடு சார். வள்ளம் நிறைய சாளை மீனு. அந்த வருசத்துலயே அவருக்குக் கிடைச்ச பெரிய பாடு அதுதான். பாரத்தோட முகத்துவாரத்துல வள்ளத்தைத் திருப்ப ஒக்காது. இறக்க நேரமில்ல. போற போக்குலயே பெட்டி பெட்டியாத் தூக்கிக் கடல்ல தட்டினாரு. கரை முழுக்கப் பாத்துட்டு நின்னுது, மைனியும் பாத்தா. ஒரு ஆளு வாயைத் திறந்து ஐயோ மீனுன்னு சொல்லல."

அவன் நாற்காலியிலிருந்து கையை எடுத்தான்.

"கேக்கியவங்ககிட்ட நீங்க இதைக் கேளுங்க. தொழிலுக்குப் போன ஒருத்தன், கரைக்கு வந்து சேந்த மீனைத் திரும்பக் கடல்ல தட்டுவானா சார்?"