நீளம் போதாத சிவப்பு வயர்

அக்கா வீட்டு இன்வெர்ட்டர் வெடித்துவிட்டது என்று போன் வந்தபோதே எங்கே தப்பு நடந்தது என்று மெக்கானிக்குக்குப் புரிந்துவிட்டது. ஊருக்கெல்லாம் ஒழுங்காகப் பேட்டரி மாட்டிக் கொடுத்தவன் சொந்த அக்கா வீட்டில் கோட்டை விட்டிருந்தான். அது அவன் ஒருவனுக்குத்தான் தெரியும்.

அக்கா வீடு மின்கம்பம் எட்டாத இடத்தில் இருந்தது. கூரையில் சோலார் தகடு, படிக்கட்டுக்கு அடியில் நான்கு பேட்டரி, சுவரில் இன்வெர்ட்டர். விளக்கும் தண்ணீர் மோட்டாரும் இவற்றை நம்பித்தான் ஓடின. ஆறு மாதத்துக்கு முன்பு எல்லாவற்றையும் மாட்டியவன் அவன்தான். கடைசியாகப் பேட்டரியிலிருந்து இன்வெர்ட்டருக்கு இரண்டு வயர் இழுக்க வேண்டியிருந்தது. பார்த்தால், பிளஸ் முனை தள்ளியிருக்கிறது, சிவப்பு வயர் ஒரு முழம் குறைகிறது. கறுப்பு மட்டும் தாராளமாக இருந்தது. கடைக்குப் போய் வர ஒரு மணி நேரம் ஆகும், அடுத்த வேலை கை நழுவிவிடும். கரண்டுக்கு நிறம் தெரியுமா என்ன என்று கறுப்பைப் பிளஸ்ஸுக்கும் சிவப்பை மைனஸுக்கும் இழுத்துவிட்டான். இன்வெர்ட்டர் பக்கத்தில் நிறம் மாற்றி டேப் சுற்றினான். பேட்டரி பக்கம் சுற்றுவதற்குள் டேப் தீர்ந்துபோயிற்று. நாளைக்கு வந்து சுற்றிக்கொள்ளலாம் என்று கிளம்பியவன் அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

போதாக்குறைக்கு, கிளம்பும்போது பெரிய வாத்தியார் மாதிரி அத்தானுக்குப் பாடம் வேறு நடத்தினான். முனையில் வெள்ளையாகப் பூத்தால் ஸ்விட்சை அணைத்து, வயரைக் கழற்றித் துடைத்து, சிவப்பைப் பிளஸ்ஸிலும் கறுப்பை மைனஸிலும் மாட்ட வேண்டும், கண்ணை மூடிக்கொண்டு அப்படியே செய்யலாம் என்றான். அத்தான் மருத்துவமனையில் மருந்து எடுத்துக் கொடுக்கிறவர். சொன்னதைச் சொன்னபடி செய்கிற மனிதர். போன ஞாயிற்றுக்கிழமை, துடைக்க வசதியாகப் பேட்டரிகளை இன்வெர்ட்டர் பக்கமாக இழுத்து வைத்ததில் சிவப்பு வயரும் பிளஸ்ஸுக்கு எட்டிவிட, அப்படியே மாட்டி ஸ்விட்சைப் போட்டார், பெட்டி டமாரென்று வெடித்தது. நல்ல வேளை, புறங்கையில் நாலு கொப்புளத்தோடு போயிற்று.

வியாழக்கிழமை காலை அவன் புது இன்வெர்ட்டரோடு வந்தான். கருவிப் பையின் அடியில், துணி போட்டு மூடி, நீளமான சிவப்பு வயர் ஒன்றும் இருந்தது. அக்கா வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். இந்த மனுஷனுக்கு ஏன் இந்த வேண்டாத வேலை, வயரை மாற்றி மாட்டிவிட்டார் என்று சொந்தக்காரர்கள் எல்லாம் 'பிளஸ் மைனஸ்' என்று பட்டப்பேர் வைத்துச் சிரிக்கிறார்கள் என்று கொட்டித் தீர்த்தாள். அவன் 'ம்' கொட்டிக்கொண்டு படிக்கட்டுக்கு அடியில் நுழைந்தான்.

பழைய வயர்களைக் கழற்றிச் சுருட்டிப் பைக்குள் போட ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை. இந்தத் தடவை எல்லாம் முறைப்படி நடந்தது. ஸ்விட்சை அணைத்து, பிளஸ்ஸில் ஃபியூஸ் வைத்து, சிவப்பைச் சிவப்பாகவே இழுத்து, முனைகளுக்கு மூடி போட்டு, மீட்டரை வைத்து இரண்டு முறை பார்த்தான். ஸ்விட்சைப் போட்டதும் ஃபேன் சுற்றியது. இனி அந்தக் கடவுளே வந்து தேடினாலும் தடயம் கிடைக்காது. அப்படி நினைத்ததும் அவனுக்கே தன் மீது அருவருப்பாக இருந்தது.

அத்தான் அதுவரை பக்கத்தில் வரவில்லை. கதவோரம் நின்றே ஒரு கவரை நீட்டினார். போகிற வழியில் மருத்துவமனை ஆபீசில் கொடுத்துவிடச் சொன்னார்.

வேலையை விடுகிற கடிதம். நாலு நாளாக அவர் வேலைக்கே போகவில்லை என்று அக்கா சொல்லும்போது குரல் இறங்கிவிட்டது. இருபத்தாறு வருடத்தில் ஒரு மாத்திரை மாறிக் கொடுக்காதவர். எதற்கு இப்படி என்று அவன் கேட்டான்.

"மாத்தி மாட்டினதுகூடப் பரவாயில்ல மச்சான்," என்றார் அத்தான். "இப்பவும் எனக்குச் சரியாத்தான் மாட்டினேன்னு ஞாபகம் இருக்கு. அதான் பயமா இருக்கு. நாளைக்கு ஒரு பச்சப்புள்ளைக்கு மருந்த மாத்திக் குடுத்துட்டு, சரியாத்தான் குடுத்தேன்னு சாதிப்பேன்."

கவரை வாங்கிக்கொண்டு வாசல் வரை போனான். செருப்பில் ஒரு காலையும் நுழைத்தாயிற்று. அதற்கு மேல் முடியவில்லை. திரும்பி வந்து பையைத் தரையில் கவிழ்த்தான்.

"நீங்க சரியாத்தான் மாட்டினீங்க அத்தான். வயர மாத்தி இழுத்தது நான். சிவப்பு எட்டல. உங்ககிட்ட சொல்லவும் இல்ல."

அத்தான் உட்கார்ந்து, சுருண்டு கிடந்த வயரைப் பிரித்தார். ஒரு முனையில் கறுப்பு டேப் சுற்றிய சிவப்பு வயர். மறுமுனை வெறும் சிவப்பு. மருந்துச்சீட்டைப் படிப்பதுபோல் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டுவார், ஓங்கி ஓர் அறை விடுவார் என்று அவன் கன்னத்தைக் காட்டிக்கொண்டே நின்றான்.

"அப்ப என் தலையில ஒண்ணும் கோளாறு இல்லையே?"

"இல்ல அத்தான்."

"நிஜமா?"

"நிஜமா."

அவர் கண் நிறைந்துவிட்டது. கட்டுப் போட்ட கையாலேயே அவன் கையைப் பிடித்துக்கொண்டார். நல்ல வார்த்தை சொன்னாய், வயிற்றில் பாலை வார்த்தாய் என்றார். கவரை வாங்கி நாலாகக் கிழித்துவிட்டு, மத்தியான ஷிஃப்டுக்குப் போகலாமே என்று சட்டையைத் தேடி உள்ளே ஓடினார். அவன் அவமானத்தில் குறுகிப்போனான்.

அக்கா நகரவில்லை.

"ஞாயித்துக்கிழமை நான் போன் பண்ணப்பவே உனக்குத் தெரியுமா?"

"தெரியும்க்கா."

உள்ளேயிருந்து அத்தான், மச்சானைச் சாப்பிடாமல் அனுப்பிவிடாதே என்று உற்சாகமாகக் குரல் கொடுத்தார். அக்கா அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.